உப்பு நீரில் அரை மணி நேரம் துடித்த தவளை இதயம்: விலங்கியல் செய்முறை குறித்து ஒரு விவாதம்

கரும்பலகை:

நேற்று மெழுகுத்தட்டு ஐயா இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. தவளையை அறுத்து, துடிக்கும் இதயத்தைக் கண்ணால் காணாமல் பட்டம் வாங்கியவர்கள் விலங்கியல் ஆசிரியர்களே அல்லர் என்று தீர்ப்பு எழுதிவிட்டார். 1980களில் தம் மாணவர்கள் முன்னால் இதயத்தை வெட்டியெடுத்து உப்பு நீர்க் கிண்ணத்தில் இட்டாராம். அது அரை மணி நேரம் துடித்ததாம். நான் தவளையை அறுத்ததில்லை. நான் கல்லூரிக்குப் போவதற்குள் அது நின்றுவிட்டது. பதினொன்றாம் வகுப்புக்கு அந்தப் பாடத்தைப் பாடநூல் படத்தையும், உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தின் திரையில் ஓடும் அசைவூட்டக் காட்சியையும் வைத்துத்தான் நடத்துகிறேன், என் மாணவர்களுக்குப் புரியவும் செய்கிறது. எனக்கு ஒரே ஒரு கேள்வி: வெறும் உப்பு நீரில் அரை மணி நேரம் என்பதை எந்தக் கடிகாரத்தில் பார்த்தீர்கள்?

மெழுகுத்தட்டு:

பள்ளிக்கூட மணியில் பார்த்தேன், தம்பி. செய்முறைக்கு அடுத்தடுத்து இரண்டு பாடவேளைகள் உண்டு. முதல் பாடவேளை முடிவதற்குச் சற்று முன்பு இதயத்தைக் கிண்ணத்தில் இட்டேன். இரண்டாம் பாடவேளையில் பிள்ளைகள் பதிவேட்டில் படம் வரைந்து, பாகங்களைக் குறித்து, பென்சிலைக் கீழே வைக்கும்போதும் அது துடித்துக்கொண்டிருந்தது.

அறுக்காதவர்களுக்காக நான் கண்டதைச் சொல்கிறேன். குளோரோஃபார்ம் ஜாடியில் மயங்கிய தவளையை மெழுகுத் தட்டில் மல்லாத்தி, நான்கு கால்களையும் குண்டூசியால் நிறுத்தி, மார்பெலும்பை விலக்கினால் மெல்லிய உறைக்குள் இதயம் தெரியும். உறையை நீக்கியதும் முதலில் மேலறைகளான ஏட்ரியங்கள் சுருங்குவதும், ஒரு கணம் கழித்து கீழறையான வெண்ட்ரிக்கிள் சுருங்குவதும் தனித்தனியே கண்ணுக்குப் புலப்படும். சுருங்கும்போது வெண்ட்ரிக்கிள் வெளிறும், நிரம்பும்போது சிவக்கும். இதயத்தை நுனியில் பற்றித் தூக்கினால் முதுகுப்புறத்தில் சிரை இரத்தம் வந்து சேரும் பையான சைனஸ் வீனோசஸ் இருக்கும். துடிப்பு அங்கேதான் பிறக்கிறது. நான் பார்த்த அசைவூட்டக் காட்சி ஒன்றில் மூன்று அறைகளும் ஒரே நேரத்தில் பலூனைப்போல உப்பிச் சுருங்கின. இதைப் பார்த்த பிள்ளைக்கு எது புரியும் என்பதைக் கரும்பலகைதான் விளக்க வேண்டும்.

தவளைக்கல்:

அந்தப் பிள்ளைகள் நாற்பது பேர் என்றால் தவளைகள் எத்தனை, ஐயா? வயலிலும் குளத்திலும் பிடித்து ஈரச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்தவையல்லவா அவை? தவளைக்கால் ஏற்றுமதியை 1987இல் இந்திய அரசே தடை செய்தது. பூச்சிகளைத் தின்னும் தவளை வயலில் குறைந்துவிட்டது என்ற கவலைதான் அதற்கு ஒரு காரணம். பல்கலைக்கழக மானியக் குழு 2011இல் அறுவையைப் படிப்படியாகக் குறைக்க வழிகாட்டி, 2014இல் விலங்கியல் பட்டப்படிப்புகளில் அதைக் கைவிடவே சொல்லிவிட்டது. முடிந்துபோன கதைக்கு இவ்வளவு பெருமை எதற்கு? உயிருள்ள இதயம்தான் வேண்டுமென்றால் குளத்து நீரிலிருந்து டாஃப்னியா என்னும் சிறு நீருயிரியைச் சொட்டுக் குழாயால் எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வையுங்கள். உடல் கண்ணாடிபோல இருப்பதால் இதயம் துடிப்பது தெளிவாகத் தெரியும். பார்த்து முடித்ததும் குளத்திலேயே விட்டுவிடலாம்.

கரும்பலகை:

தவளைக்கல் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. மணி அடித்ததைச் சொன்னாரே தவிர, உப்பு நீரைப் பற்றி ஐயா வாய் திறக்கவில்லை. எத்தனை விழுக்காடு? தவளைக்கு 0.65 விழுக்காட்டுக்கு அருகில் இருக்க வேண்டும் என்று எல்லாச் செய்முறைக் கையேடுகளும் சொல்கின்றன, மனிதருக்குரிய 0.9 அதற்குப் பொருந்தாது. சோடியம் குளோரைடு மட்டும் உள்ள கரைசலில் இதயம் வெகுவிரைவில் தளர்ந்துவிடும். ஆகவே அந்த அரை மணி நேரம் நினைவின் மிகை என்பதே என் கருத்து.

கூர்நுனி:

அரை மணியா, கால் மணியா என்பதை விட்டுவிட்டு நாளைக் காலை வகுப்புக்கு ஆவதைப் பேசலாமே. நான் இறைச்சிக் கடையில் ஆட்டு இதயம் வாங்கி நடத்துகிறேன். முதல் நாளே கடைக்காரரிடம் சொல்லிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலேயுள்ள இரத்தக் குழாய்களை ஒட்ட நறுக்கி, இதயத்தையும் கீறித்தான் கொடுப்பார். குழாய்களோடு கிடைத்தால் பெருந்தமனியில் நீர் ஊற்றிக் காட்டலாம், மூன்று அரைச்சந்திர வால்வுகளும் மூடி நீரைத் தாங்கி நிற்கும். பிறகு இடது வெண்ட்ரிக்கிளைப் பிளந்து அதன் சுவரை வலதுபுறச் சுவரோடு சேர்த்துத் தடவிப் பார்க்கச் சொன்னால், எந்தப் பக்கம் உடல் முழுவதற்கும் இரத்தத்தை அனுப்புகிறது என்பதை நான் சொல்லவே தேவையில்லை. இதற்காக ஒரு உயிரும் தனியாகச் சாகவில்லை.

மெழுகுத்தட்டு:

கூர்நுனி அவர்களே, உங்கள் ஆட்டு இதயம் துடிக்குமா? துடிக்காது. அவ்வளவுதான் என் பதில்.

கரும்பலகைக்கு வருகிறேன். விழுக்காடு கேட்கிறீர்கள், கொஞ்சம் வரலாறும் படித்திருக்கலாம். இலண்டனில் மருத்துவர் சிட்னி ரிங்கர் தவளை இதயத்தை உப்புக் கரைசலில் வைத்துப் பார்த்தபோது அது நெடுநேரம் துடித்தது. அந்தக் கரைசல் காய்ச்சி வடித்த நீரில் அன்றிக் குழாய் நீரில் தயாரிக்கப்பட்டது என்பது பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. குழாய் நீரில் இருந்த கால்சியம்தான் இதயத்தை ஓடவைத்தது என்று 1883இல் அவரே திருத்தி எழுதினார்; ரிங்கர் கரைசல் பிறந்தது அப்படித்தான். எங்கள் பள்ளியில் குழாய் நீர் கூடக் கிடையாது, கிணற்று நீர்தான். பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் அளவுக்குக் கடின நீர். நீங்கள் வெறும் உப்பு நீர் என்று எழுதுகிறீர்கள். நான் எங்கேயும் 'வெறும்' என்று எழுதவில்லை.

கரும்பலகை:

கிணறு இன்றுதான் முளைத்திருக்கிறது. நேற்றைய பதிவில் ஒரு சொட்டுக் கிணற்று நீரும் இல்லை. ரிங்கர் தம் பிழையைத் தாமே திருத்தி எழுதினார் என்று நீங்களே சொல்கிறீர்கள். அந்தப் பழக்கம் இங்கே சிலருக்கு இல்லை. சென்ற ஆண்டு மண்புழுவின் உடலில் தடித்த பட்டைபோலத் தெரியும் கிளைடெல்லம் 14 முதல் 17 வரையுள்ள கண்டங்களில் (உடல் வளையங்களில்) இருக்கிறது என்று நான் எழுதியபோது, 16 வரைதான் என்று என்னை எல்லார் முன்னாலும் மடக்கினீர்கள். நான் சொன்னது நம் பாடநூலில் உள்ள லாம்பிட்டோ மாரிட்டி என்ற மண்புழுவை, நீங்கள் சொன்னது வடக்கத்திப் பாடநூலின் ஃபெரெட்டிமா என்ற மண்புழுவை. இன்றுவரை ஒரு வரி வருத்தம் வரவில்லை.

மெழுகுத்தட்டு:

மண்புழு எந்த இனம் என்று குறிப்பிடாமல் எழுதியது யார்? இனப்பெயர் இல்லாமல் கண்டங்களை எண்ணுவது எந்த ஊர் விலங்கியல்?

தவளைக்கல்:

இனப்பெயர் பேசுகிற ஐயா, உங்கள் நேற்றைய பதிவில் ரானா ஹெக்ஸாடாக்டைலா என்றுதானே இருக்கிறது? அந்தத் தவளை யூஃபிளிக்டிஸ் பேரினத்துக்கு மாறிப் பல ஆண்டுகள் ஆகின்றன.

மெழுகுத்தட்டு:

அரசுப் பாடநூலில் ரானா என்றுதான் இருக்கிறது. பாடநூலைத் திருத்தச் சொல்லி மனு எழுதுங்கள், என்னிடம் வராதீர்கள். அதோடு, தடை தடை என்கிறீர்களே, தடையை நான் மீறச் சொல்லவில்லை. மனிதர் கையால் இதயத்தைத் தொட்டுக் கற்ற காலம் ஒன்று இருந்தது, அதில் கற்றவர்களை ஏளனம் செய்யாதீர்கள் என்கிறேன். 1628இல் இரத்த ஓட்டத்தைப் பற்றி நூல் எழுதிய ஆங்கில மருத்துவர் ஹார்வியும், வெப்ப இரத்த விலங்குகளின் இதயத் துடிப்பைக் கண் பின்தொடர முடியாமல் தவளை, தேரை போன்றவற்றின் மெதுவான இதயத்தைத்தான் நாடினார். திரையில் பார்த்து அவர் எழுதவில்லை.

கூர்நுனி:

ஏளனத்தைத் தொடங்கி வைத்ததே உங்கள் நேற்றைய பதிவுதான், ஐயா. இன்னொன்றையும் கேட்க வேண்டும். நாற்பது பேரில் எத்தனை பேர் அந்தக் கிண்ணத்தைக் கிட்டத்தில் பார்த்தார்கள்? நான் மாணவனாக இருந்தபோது ஆசிரியர் அறுப்பார், முன்வரிசையில் ஆறு பேர் குனிந்து நிற்பார்கள், மற்றவர்களுக்கு அவர்களுடைய முதுகுதான் தெரியும். பிறகு எல்லாரும் மூத்த அண்ணன்மாரின் பதிவேட்டைப் பார்த்துத்தான் படம் வரைந்தோம். கையெழுத்தும் வாங்கினோம்.

மெழுகுத்தட்டு:

உங்கள் ஆசிரியர் செய்த குறைக்கு நான் பொறுப்பில்லை. என் வகுப்பில் கிண்ணம் ஒவ்வொரு மேசைக்கும் சென்று வந்தது. எல்லா மேசையிலும் துடித்தது.

கரும்பலகை:

கிண்ணம் மேசை மேசையாகச் சென்றபோது உங்கள் கண் எங்கே இருந்தது, மணியிலா, கிண்ணத்திலா? உப்பை எடை போட்டீர்களா, கைப்பிடியில் போட்டீர்களா? இந்த இரண்டுக்கும் இன்னும் பதில் இல்லை. பதில் வராதவரை அந்த அரை மணியை நான் பத்து நிமிடம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

மெழுகுத்தட்டு:

வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டருக்கு ஆறரை கிராம் உப்பு, ஆய்வகத் தராசில் நிறுத்துப் போட்டது. கிணற்று நீர். அரை மணி நேரம். நாளை மறுபடியும் கேட்டாலும் இதையேதான் எழுதுவேன்.

கரும்பலகை:

நேற்று எழுதியபோது தராசும் இல்லை.