சுப்ராவுக்குள்ள பி.எம்.டபிள்யூ என்ஜின்

பிரவீன்: சித்தப்பா, டொயோட்டா சுப்ரா பானெட்டைத் திறக்கிற வீடியோ பார்த்தேன். உள்ள பாகங்கள்ல பி.எம்.டபிள்யூ முத்திரை! ரெண்டும் போட்டிக் கம்பெனிதானே?

முருகன் சித்தப்பா: ஆமாடா. சுப்ராவும் பி.எம்.டபிள்யூ இசட்4-ம் ஒரே பிளாட்பாரம், அதாவது வண்டியோட அடிக்கட்டமைப்பு ஒண்ணுதான். ரெண்டையும் ஆஸ்திரியாவுல, கிராஸ் நகரத்து மேக்னா ஸ்டெயர் ஆலையிலதான் செஞ்சாங்க. சுப்ராவுக்கு மூடின கூரை, இசட்4-க்குத் திறக்கிற கூரை.

கவிதா: இது வாங்குறவங்களை ஏமாத்துறது இல்லையா?

முருகன் சித்தப்பா: ஒளிச்சு வைக்கலையேம்மா. ஸ்போர்ட்ஸ் கார் கொஞ்சம்தான் விக்கும். ஆனா என்ஜின், பாகங்களைச் செய்யுற அச்சுகள், மோதல் சோதனைன்னு முதல் வண்டி விக்கிறதுக்கு முன்னாடியே பெரும்பணம் போயிடும். தனியா செஞ்சிருந்தா இந்த ரெண்டு காருமே வந்திருக்காதுன்னுதான் நான் நினைக்கிறேன்.

செல்வி அத்தை: முருகா, செலவு மட்டும்தானா காரணம்?

முருகன் சித்தப்பா: இல்லக்கா. தொழில் கத்துக்கவும் சேருவாங்க. கலிஃபோர்னியா ஃப்ரீமாண்ட்ல ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 1982-ல மூடிட்டாங்க. வேலைக்கு வராம இருக்கிறதும் சண்டையும் அங்க சகஜம். 1984-ல டொயோட்டாவும் ஜி.எம்.மும் சேர்ந்து அதே ஆலையைத் திறந்தாங்க. வேலைக்கு எடுத்தது பெரும்பாலும் அதே பழைய ஆட்களை!

முருகன் சித்தப்பா: கார்கள் வரிசையா நகர்ந்து தயாராகுற லைன் ஓரமா ஒரு கயிறு. குறை கண்ணுல பட்டா எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். சரியாகலைன்னா லைனே நிக்கும். தரம் எங்கேயோ உயர்ந்துடுச்சு. ஜி.எம். அந்த முறையைக் கத்துக்க வந்தது. டொயோட்டா அமெரிக்க ஆட்களை வச்சு வேலை வாங்கப் பழகிச்சு. 2010-ல அந்தக் கூட்டு ஆலையும் மூடினதும் டெஸ்லா வாங்கிருச்சு.

பிரவீன்: சரி, சேர்ந்து வேலை செய்யுற கம்பெனிங்க ஒருத்தரோட பங்கை ஒருத்தர் எதுக்கு வாங்குறாங்க?

முருகன் சித்தப்பா: பிடிமானத்துக்கு. டிசைன் ரகசியத்தைக் கொடுத்தப்புறம் கூட்டாளி வேற பக்கம் போயிடக்கூடாதே. சுபாருங்கிற ஜப்பான் கார் கம்பெனியில டொயோட்டாவுக்கு சுமார் 20 சதவீதம் இருக்கு. டொயோட்டா ஜி.ஆர்.86 காரை சுபாருதான் தன் ஆலையில செஞ்சு கொடுக்குது.

முருகன் சித்தப்பா: ஆனா பங்கு சமமா இல்லன்னா மனக்கசப்புதான். 1999-ல தத்தளிச்ச ஜப்பான் கம்பெனி நிஸானுக்கு, பிரான்ஸ் கம்பெனி ரெனோ கை கொடுத்தது. பின்னால ரெனோ கையில நிஸான் பங்கு 43 சதவீதம். நிஸானுக்கு ரெனோவுல 15, அதுவும் கம்பெனி முடிவுகள்ல ஓட்டுரிமை இல்லாம! நிஸான் அதிகமா வித்த வருஷங்கள்லயும் இதே நிலைமை. 2023-லதான் ரெண்டு பேருக்கும் 15-ன்னு சமமாக்கினாங்க.

கவிதா: போட்டியாளருங்க கூடினா விலையையும் பேசி வச்சுக்க மாட்டாங்களா சித்தப்பா?

முருகன் சித்தப்பா: நல்ல கேள்விம்மா, அரசாங்கமும் அதையேதான் கேட்டுச்சு. ஃப்ரீமாண்ட் கூட்டுக்கு அமெரிக்க வர்த்தக ஆணையம் முதல்ல 12 வருஷம்தான் அனுமதி கொடுத்தது. ஆலை ஒண்ணா இருக்கலாம். விலையை அவங்கவங்கதான் வைக்கணும்.