கட்டிங் மார்க் தள்ளி விழுகிறது

பிரியா: பெங்களூரு சுல்தான்பேட்டை அச்சுக் கடையிலிருந்து நம் அழைப்புப் பத்திரிகையின் ப்ரூஃப், அதாவது மாதிரி அச்சு, வந்துவிட்டது. படம் போட்டிருக்கிறேன். எங்கே வெட்ட வேண்டும் என்று காட்டும் கட்டிங் மார்க் கோடுகள் நாலு மூலையிலும் தள்ளி விழுந்திருக்கின்றன. கோலக் கரைக்கு வெளியே மெரூன் பட்டை தடியாகத் தெரிகிறது. முரளி சித்தப்பா, கொஞ்சம் பார்க்கிறீர்களா?

கௌரி அத்தை: எனக்கு நன்றாகத்தானே தெரிகிறது? பெயரெல்லாம் சரியாக வந்திருக்கிறது.

பிரியா: எழுத்தெல்லாம் சரிதான் அத்தை. மார்க்கில் வைத்து வெட்டினால் அளவு பெரிதாக வருகிறது. வாங்கி வைத்திருக்கும் கவர் 5.25க்கு 7.25 இன்ச். முக்கால்வாசி போய் இறுகி நிற்கிறது.

கார்த்திக்: பிரிண்டரில் தாளுக்கேற்றபடி அளவை மாற்றும் ‘ஃபிட்’ போட்டிருப்பார்கள். ‘ஆக்சுவல் சைஸ்’ வைத்து மறுபடி எடுக்கச் சொல்.

முரளி சித்தப்பா: இருப்பா, அளக்காமல் முடிவு கட்ட வேண்டாம். பிரியா, ஸ்கேல் வைத்து இந்த மார்க்கிலிருந்து எதிர் மார்க் வரைக்கும் எவ்வளவு என்று பாரும்மா. அகலம், உயரம் இரண்டும் வேண்டும்.

பிரியா: அகலம் 133 மி.மீ. உயரம் 184க்குத் துளி குறைவு. வர வேண்டியது 5க்கு 7 இன்ச், அதாவது 127க்கு 177.8.

முரளி சித்தப்பா: அப்படியென்றால் ‘ஃபிட்’ காரணமில்லை. பிரிண்டர் பெரிதாக்கியிருந்தால் இரண்டு பக்கமும் ஒரே விகிதத்தில் வளர்ந்திருக்கும். 127 என்பது 133 ஆனால் 177.8 என்பது 186ஐத் தாண்டியிருக்க வேண்டும். இங்கே இரண்டிலும் 6 மி.மீ.தான் கூடியிருக்கிறது, ஓரத்துக்கு 3. ப்ளீட், அதாவது வெட்டுக்கு வெளியே மிச்சம் விடும் நிறம், எவ்வளவு விட்டாய்?

பிரியா: 3 மி.மீ.

முரளி சித்தப்பா: அதுதான் விஷயம். வெட்ட வேண்டிய இடத்தில் விழ வேண்டிய மார்க், ப்ளீட்டின் வெளி ஓரத்தில் விழுந்திருக்கிறது. ஃபைலில் பக்கத்தின் அளவை என்னவென்று வைத்திருக்கிறாய்?

பிரியா: கடையில் கொடுத்த டெம்ப்ளேட்டில் 133க்கு 183.8 என்று இருந்தது. ப்ளீட் கட்டத்தில் 0. அதிலேயே ஸ்க்ரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேரில் செய்தேன்.

முரளி சித்தப்பா: பிடிஎஃப்பில் ஒவ்வொரு பக்கத்துக்கும் கண்ணுக்குத் தெரியாத சில பெட்டிகள் உண்டும்மா. மீடியா பாக்ஸ் என்றால் முழுத் தாள். ப்ளீட் பாக்ஸ் என்றால் மிச்சம் விட்ட நிறம் எதுவரை என்பது. ட்ரிம் பாக்ஸ்தான் கத்தி இறங்க வேண்டிய இடம். மார்க் போடும் சாஃப்ட்வேர் உன் கோலக் கரையைப் பார்த்துப் போடுவதில்லை, ட்ரிம் பாக்ஸைப் பார்த்துத்தான் போடும். ட்ரிம் பாக்ஸைச் சொல்லாமல் விட்டால் அது க்ராப் பாக்ஸை, அதாவது திரையில் காட்டும் பகுதியை, எடுத்துக்கொள்ளும், அதுவும் இல்லையென்றால் மீடியா பாக்ஸை. உன் ஃபைலில் எல்லாமே 133தான். உள்ளே 127 என்று ஒரு அளவு இருப்பதே அதற்குத் தெரியாது.

கார்த்திக்: அப்போ மார்க்கை மட்டும் 3 மி.மீ. உள்ளே நகர்த்திவிட்டால் போதுமே? நாலு கோடுதானே.

முரளி சித்தப்பா: அதை மட்டும் செய்யாதீர்கள். பிரஸ்ஸில் ஒரு தாளில் நாலைந்து பத்திரிகையாக அடுக்கும்போதும் ட்ரிம் பாக்ஸைத்தான் எடுப்பார்கள். கையால் நகர்த்திய கோடு ஒன்று சொல்லும், ஃபைல் இன்னொன்று சொல்லும். கட்டுக் கட்டாக வெட்டிய பிறகுதான் தெரியவரும். அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை.

கௌரி அத்தை: அய்யோ, குலதெய்வத்துக்கு வைக்கும் முதல் பத்திரிகை அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். மூலையில் மஞ்சள் தடவும்போது கரை கோணலாக இருந்தால் மனசு கேட்காது.

முரளி சித்தப்பா: கோணலாக வராது அக்கா, சரி செய்துவிடலாம். பிரியா, டாக்குமென்ட் செட்டப்பில் பக்கத்தை 127க்கு 177.8 ஆக்கு. ப்ளீட் நாலு பக்கமும் 3 கொடு. அப்புறம் எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து 3 மி.மீ. இடது பக்கமும் 3 மி.மீ. மேலேயும் தள்ளு. இதை விட்டால் கரை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். மெரூன் பின்னணி ப்ளீட் ஓரம்வரை போகிறதா என்றும் பார்த்துக்கொள்.

பிரியா: செய்துவிட்டேன். பிடிஎஃப் எடுக்கும்போது டாக்குமென்ட் ப்ளீட் என்பதை டிக் செய்ய வேண்டும், இல்லையா?

முரளி சித்தப்பா: ஆமாம், அதை மறந்தால் ப்ளீட்டே ஃபைலில் வராது. முடிந்தால் அச்சுக்கென்றே உள்ள பிடிஎஃப்/எக்ஸ் வகையில் எடு. ட்ரிம் பாக்ஸோ, உள்ளடக்கத்தின் எல்லையைச் சொல்லும் ஆர்ட் பாக்ஸோ இல்லாத ஃபைலை அந்தத் தரம் ஏற்றுக்கொள்ளாது.

கார்த்திக்: எங்கள் ஆபீஸில் ஸ்க்ரைபஸ் மாதிரியே இன்டிசைன் சாஃப்ட்வேர் இருக்கிறது. அதில் எடுத்தாலும் இதே கதைதானா?

முரளி சித்தப்பா: பெட்டிக் கணக்கு அங்கேயும் இதேதான். ஆனால் அதில் மார்க்கின் ஆஃப்செட், அதாவது வெட்டும் இடத்திலிருந்து மார்க் தள்ளி நிற்கும் தூரம், நாம் மாற்றாவிட்டால், 2.117 மி.மீ.யாக இருக்கும். ப்ளீட் 3 என்றால் கோட்டின் நுனி ப்ளீட் நிறத்துக்குள் ஏறிவிடும். வெட்டு ஒரு மி.மீ. வெளியே போனாலும் பரவாயில்லை, 2.117 மி.மீ.யைத் தாண்டிப் போனால் மூலையில் கறுப்புப் புள்ளியாக நிற்கும். ஆஃப்செட்டை 3க்குக் கீழே வைக்காதே.

பிரியா: சித்தப்பா, புது ஃபைலை ஆபீஸ் அக்ரோபேட்டில் திறந்து பாக்ஸ்களைக் காட்டச் சொன்னேன். பச்சைக் கோடு கோலக் கரைக்கு 4 மி.மீ. வெளியே, நாலு பக்கமும் ஒரே அளவில் நிற்கிறது.

முரளி சித்தப்பா: பச்சைதான் ட்ரிம். வரைந்தபோது 4 விட்டிருந்தாய் என்றால் கணக்குச் சரி. கடைக்காரரிடம் மார்க்கை அவரே போடுகிறாரா என்று கேட்டுவிடு. அவர் போடுவதென்றால் மார்க் இல்லாத ஃபைலைக் கொடு, இல்லாவிட்டால் இரண்டு ஜோடி மார்க் வந்து வெட்டுகிறவர் குழம்பிப்போவார்.

பிரியா: போன் செய்தேன், அவரே போடுவாராம். மார்க் இல்லாமல் எடுத்து அனுப்பிவிட்டேன்.

முரளி சித்தப்பா: நல்லது. ப்ரூஃபை ஏ4இல் 100 சதவீதத்தில் எடுக்கச் சொல். கையோடு ஸ்கேலும் ஒரு கவரும் எடுத்துக்கொண்டு போ. 127 வந்தால்தான் ஓகே சொல்ல வேண்டும்.

பிரியா: அங்கேதான் நிற்கிறேன். அகலம் 127, உயரம் 178க்குத் துளி குறைவு. வெட்டிப் பார்த்தேன், கவரில் சுலபமாகப் போய்விட்டது. 400 அடிக்கச் சொல்லட்டுமா?

கௌரி அத்தை: 450 சொல்லு கண்ணு. ஹலசூரில் பழைய வீட்டுத் தெருவை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.