பெரியப்பா பட்டறையில் ஆறு சிலிண்டர் டீசல் என்ஜின்: இது எது, என்ன விலை சொல்லலாம்?

தாராவிக்காரன்:
வணக்கம். வடாலாவில் எங்கள் பெரியப்பா நடத்திய லாரி பட்டறையை இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்து கொடுக்க வேண்டும். மூலையில் மரக்கட்டை மேல் ஒரு பழைய லாரி என்ஜின் நிற்கிறது. வரிசையாக ஆறு சிலிண்டர், டீசல். ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடியை) கழற்றி, கிரீஸ் பூசி, பக்கத்திலேயே வைத்திருக்கிறார். சி.ஏ.வி. கம்பெனியின் டீசல் பம்ப் இருக்கிறது, ஸ்டார்ட்டர் இல்லை. பெயர்த்தகடு தேய்ந்துவிட்டது. பெரியப்பாவும் போய்விட்டார், கேட்க ஆளில்லை.

பங்கார் (பழைய இரும்பு) கடைக்காரர் மொத்தமாக 14,000 தருகிறேன் என்கிறார். குர்லாவிலிருந்து வந்த ஒரு புரோக்கர் போரில் (சிலிண்டர் துளையில்) ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டு, "90 மில்லி வருது, இது டாடா பென்ஸ். 60,000க்கு ஆள் இருக்கு, பென்ஸ்னு எழுதிக் கொடுங்க" என்கிறார். எழுதிக் கொடுக்கலாமா?

லேத்துப்பட்டறை:
தம்பி, அளந்து முடிக்கும்வரை எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள். புரோக்கர் 90 என்று சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. டெல்கோ (இன்றைய டாடா மோட்டார்ஸ்) 1954ல் டைம்லர் பென்ஸுடன் சேர்ந்து லாரி செய்ய ஆரம்பித்தபோது வந்த ஓ.எம். 312 என்ஜினுக்கு போர் 90 மில்லி, ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) 120, மொத்தம் 4,580 சி.சி. ஆனால் அதே காலத்து பெர்கின்ஸ் கம்பெனியின் பி6 என்ஜினுக்கு போர் மூன்றரை அங்குலம், அதாவது 88.9. ரீபோர் செய்த (துளையைப் பெரிதாகக் கடைந்த) பி6ல் ஸ்கேல் வைத்தால் 90 மாதிரிதான் தெரியும். போரை மட்டும் வைத்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது.

ஸ்ட்ரோக் பொய் சொல்லாது. பி6க்கு ஐந்து அங்குலம், 127 மில்லி. பென்ஸுக்கும் அதற்கும் 7 மில்லி வித்தியாசம். எவ்வளவு தேய்ந்தாலும், எத்தனை முறை போர் போட்டாலும் அது மாறாது.

அளப்பதற்கு முன் போர்களைத் துணியால் துடைத்து, டீசலும் என்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றி ஒரு ராத்திரி ஊற விடுங்கள். அப்புறம் ஃப்ளைவீலில் கம்பி கொடுத்து மெதுவாகச் சுற்றுங்கள். இறுகினால் நிறுத்திவிடுங்கள், முறுக்க வேண்டாம். பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது பிளாக் முகத்திலிருந்து எவ்வளவு ஆழம், அடியில் நிற்கும்போது எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஸ்ட்ரோக்.

போரை அளக்க ஒரு இடம் சொல்கிறேன். சிலிண்டரின் வாயருகே விரலை வைத்துத் தடவினால் ஒரு மேடு தட்டும். அந்த மேட்டுக்கு மேலே இருக்கும் மெல்லிய பட்டையை ரிங் தொடுவதே இல்லை, அதனால் தேயாது. வெர்னியர் அளவுகோலை அங்கே வையுங்கள். கீழே தேய்ந்த இடத்தில் வைத்தால் கணக்கு தப்பும். பிஸ்டன் தலையில் 020, 030 என்று ரீபோர் அளவு ஏதாவது குத்தியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பம்ப்_ரூம்:
இன்னும் இரண்டு அடையாளம். பென்ஸ் 312ல் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி க்ளோ பிளக் (ஸ்டார்ட் செய்ய உதவும் சூடேற்றி) உண்டு, ஹெட்டைப் பார்த்தாலே தெரியும். பி6ல் முன்மூடியைத் திறந்தால் டைமிங் செயின் (வால்வுகளை இயக்க ஓடும் சங்கிலி) இருக்கும், பென்ஸில் பல்சக்கரம். பம்பில் சி.ஏ.வி. என்று இருப்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பம்ப் ஒரு என்ஜினிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது சகஜம்.

தாராவிக்காரன்:
அண்ணா, ஊற வைத்துச் சுற்றினேன், சுற்றுகிறது. ஸ்ட்ரோக் 127. மேல் பட்டையில் போர் 89.6 அல்லது 89.7. பிஸ்டனில் 030 என்று இருக்கிறது. க்ளோ பிளக் துளை எதுவும் இல்லை. நான்காவது சிலிண்டரில் மட்டும் தண்ணீர் நின்ற மாதிரி துருக்கோடு, நகம் மாட்டுகிறது.

லேத்துப்பட்டறை:
அப்படியானால் பெர்கின்ஸ் பி6தான். 030 என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் முப்பது, 0.76 மில்லி. 88.9ல் அதைக் கூட்டினால் நீங்கள் அளந்தது அப்படியே வருகிறது. கம்பெனி அளவில் 4.73 லிட்டர். பெர்கின்ஸின் அடுத்த தலைமுறை 6.354 என்ஜினுக்கும் இதே 127 ஸ்ட்ரோக்தான், ஆனால் போர் 98.4. அதனால் அந்தச் சந்தேகமும் இல்லை.

நல்ல என்ஜின் தம்பி. சென்னையில் சிம்ப்சன் கம்பெனி பெர்கின்ஸ் என்ஜின்களைச் செய்தது. உங்கள் குர்லாவிலேயே பிரீமியர் தொழிற்சாலை டாட்ஜ், ஃபார்கோ லாரிகளைச் செய்தது. அந்த வண்டிகளில் ஓடிய என்ஜின் இது. பெரியப்பா ஹெட்டுக்கு கிரீஸ் பூசி வைத்ததைப் பார்த்தால், ஓட்டத்தான் வைத்திருந்தார் என்று தோன்றுகிறது.

தாராவிக்காரன்:
அப்போது பழங்கால என்ஜின் என்று நல்ல விலை கேட்கலாமா?

பம்ப்_ரூம்:
கேட்கலாம், ஆனால் காருக்கு வரும் விலையை நினைத்துக்கொண்டு கேட்காதீர்கள். 2021ல் வந்த விண்டேஜ் பதிவு விதிகள் 50 வருடம் கடந்த இருசக்கர வண்டிக்கும் காருக்கும் மட்டும்தான், லாரிக்கு இல்லை. அதனால் பழைய லாரியை உயிர்ப்பிக்க நினைப்பவர்கள் கொஞ்சப் பேர்தான்.

முதலில் எடைமேடையில் ஏற்றி, அன்றைய இரும்பு விலையைக் கேளுங்கள். அதற்குக் கீழே கொடுக்கவே கூடாது. அதற்கு மேல் பணம் தருவது க்ராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு), ஹெட், பம்ப். ஹெட்டில் வால்வுகளுக்கு நடுவே விரிசல் இருக்கிறதா என்று டை பெனட்ரன்ட் (விரிசலைக் காட்டும் சாயம்) போட்டுப் பாருங்கள், செலவு அதிகமில்லை. க்ராங்கை ஏற்கெனவே கடைசி அளவு வரை அரைத்திருந்தால் மதிப்பு பாதியாகும். நகம் மாட்டும் அந்த போருக்கு லைனர் (துளைக்குள் இறக்கும் உறை) வேலை உண்டு, அதை மறைக்காமல் படம் எடுத்துப் போடுங்கள். ஹெட் நன்றாக இருந்தால் இரும்பு விலையைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு சொல்லலாம் என்பது என் கணக்கு. இதே என்ஜினைத் தேடும் ஆள் வந்தால் கூடவும் போகும். பிரித்து விற்க வேண்டாம். முழுசாக இருந்தால்தான் அந்த ஆள் வருவார்.

லேத்துப்பட்டறை:
பென்ஸ் என்று எழுதிக் கொடுத்தால் நாளைக்கு வாங்கியவர் உங்களைத்தான் தேடி வருவார், புரோக்கரை அல்ல. "பெர்கின்ஸ் பி6, 030 போர், ஹெட் கழற்றியது, நான்காவது சிலிண்டரில் துரு" என்று எழுதுங்கள். பிளாக்கில் குத்திய எண்ணைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, சுண்ணாம்புக்கட்டி தடவிப் படம் எடுங்கள். வீட்டில் அந்த லாரியின் ஆர்.சி. கிடைத்தால் எண் ஒத்துப்போகிறதா பாருங்கள். ரசீதில் எண், வாங்குபவர் பெயர், அடையாள அட்டை நகல், தேதி எல்லாம் இருக்கட்டும். வாங்கியவர் அதை வேறு வண்டியில் மாட்டினால் ஆர்.டி.ஓ.வில் பதிய வேண்டும், அப்போது அவருக்கும் இந்த ரசீது தேவைப்படும்.

தாராவிக்காரன்:
புரோக்கரிடம் பென்ஸ் இல்லை என்று சொல்லிவிட்டேன், 20,000க்கு இறங்கி வந்தார். கொடுக்கவில்லை. எடைமேடைக்கு நாளை டெம்போ சொல்லியிருக்கிறேன். ஆர்.சி.யைப் பெரியம்மாவிடம் தேடச் சொன்னேன்.

பம்ப்_ரூம்:
டெம்போவில் ஏற்றுமுன் போர்களில் ஆயில் தடவி, மேலே பிளைவுட் வைத்துக் கட்டுங்கள். பம்பின் டீசல் வாய்களைத் துணியால் அடைத்துவிடுங்கள். வழியில் தூசி போனால் பம்பின் உள்ளே இருக்கும் எலிமென்ட் கெட்டுவிடும்.