வேலூரில் க்ளாக்கோமா பரிசோதனை: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்குக் குடியாத்தம். அப்பாவுக்கு 63 வயசு, கைத்தறி லுங்கி நெய்தவர். கொஞ்ச நாளாகப் படி இறங்கும்போது கடைசிப் படியைக் கவனிக்காமல் தடுமாறுகிறார், கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்கிறார். கேட்டால், "கண்ணு நல்லாத்தாம்பா தெரியுது" என்கிறார். நேரே பார்ப்பது தெளிவு, ஓரப் பார்வைதான் போய்க்கொண்டிருக்கிறது.

க்ளாக்கோமாவாம், அதாவது பெரும்பாலும் கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு கெட்டுப்போகிற நோய். அவருக்குக் கண் அழுத்தம் இடதில் 32, வலதில் 26. 21 வரைதான் இயல்பாம். இத்தனை வருஷம் கண்ணாடிக் கடையில் பவர் மட்டும் பார்த்துவிட்டு, கண் பரிசோதனை முடிந்தது என்று இருந்துவிட்டோம். அழுத்தமும் பார்க்கவில்லை, கண் பாப்பாவை மருந்து விட்டு விரித்து உள்ளே நரம்பையும் பார்க்கவில்லை. போன பார்வை திரும்பாதாம். மனசு ஆறவில்லை.

ஃபீல்டு டெஸ்ட் (ஓரப் பார்வை எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது), ஓசிடி ஸ்கேன் (கண் நரம்பைப் படம் எடுப்பது) இரண்டும் ஒரே நாளில் வேலூரில் எங்கே முடியும்? ஆரணி ரோடு ஷெல் கண் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள், எத்தனை மணிக்குப் போனால் சரியாக இருக்கும் என்று சொல்லுங்க.

சொட்டு மருந்து விடும்போது அவருக்குக் கை நடுங்கி, பாதி கன்னத்தில் வழிகிறது. வீட்டில் பெரியவர்களுக்கு எப்படி விடுகிறீர்கள்?

ரத்த சொந்தத்துக்கும் வர வாய்ப்பு அதிகமாம். எனக்கு 38, அக்காவுக்கு 41. நாங்களும் அன்றைக்கே பார்த்துவிடலாம் என்று இருக்கிறோம்.