லூயிஸ் கரோலின் பழைய பிரதி கையில் வந்தால் எங்கே பார்ப்பது?

லூயிஸ் கரோல் எழுதிய ‘ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்’, சுருக்கமாக ‘ஆலிஸ்’, பழைய பிரதி என்றாலே எல்லாரும் ஆண்டைத்தான் தேடுகிறார்கள். அது பாதி உண்மையைத்தான் சொல்லும். 1865-ல் ஆக்ஸ்ஃபோர்டின் கிளாரெண்டன் அச்சகம் 2,000 பிரதி அடித்தது. படங்கள் அச்சான விதம் துளியும் சரியில்லை என்று ஓவியர் ஜான் டெனியல் ஜூலையில் எழுதிவிட, கரோல் மொத்தத்தையும் நிறுத்தினார். அன்பளிப்பாகப் போயிருந்த பிரதிகளையும் திருப்பிக் கேட்டு வாங்கினார். மேக்மில்லன் வெளியீடு என்றாலும் அச்சுச் செலவு, ஓவியர் கூலி எல்லாம் கரோல் தலையில்தான்; கல்லூரிக் கணித ஆசிரியரான அவருக்கு அது சின்னத் தொகையல்ல.

ரிச்சர்ட் கிளே அச்சகத்தில் புதிதாகக் கம்போஸ் செய்த புத்தகம் 1865 நவம்பரிலேயே வந்துவிட்டது. ஆனால் தலைப்புப் பக்கத்தில் 1866 என்று இருக்கும். ஆகவே ‘மேக்மில்லன், 1866’ என்பது மறுபதிப்பு இல்லை. லண்டனில் விற்பனைக்கு வந்த முதல் பதிப்பே அதுதான். சிவப்புத் துணி பைண்டிங், முன்னட்டையில் தங்க வட்டத்துக்குள் பன்றிக்குட்டியோடு ஆலிஸ், பின்னட்டையில் செஷயர் பூனை.

---

இதில் நியூயார்க்கையும் சேர்க்க வேண்டும். 1865-ல் ஒதுக்கிய ஃபாரங்களை, அதாவது அச்சடித்த தாள்களை, எரிக்கவில்லை. ஆப்பிள்டன் நிறுவனம் வாங்கி, தலைப்புப் பக்கத்தை மாற்றி ‘1866’ என்று போட்டு அமெரிக்காவில் விற்றது. உள்ளே இருப்பது டெனியல் வேண்டாம் என்ற அதே தாள். இரண்டிலும் 1866 இருந்தாலும் ஆப்பிள்டன் பிரதிதான் மூத்தது.

படங்களைப் பார்க்கப் பத்து மடங்கு லென்ஸ் போதும். டெனியல் வரைந்ததை டால்ஸியல் சகோதரர்கள் பாக்ஸ் மரக் கட்டையில் இடவலம் மாற்றிச் செதுக்கினார்கள். கோடு நிற்கும், வெள்ளைப் பகுதி தோண்டப்படும். அச்சுக்கு அந்தக் கட்டையை ஏற்றவில்லை. மின்முலாம் முறையில் அதன் செம்பு நகலை எடுத்து ஏற்றினார்கள். அதனால்தான் கட்டைகள் தேயாமல் பிழைத்தன. 1985-ல் லண்டன் வங்கிப் பெட்டகம் ஒன்றில் அகப்பட்டன. இந்த வகை அச்சில் கோடு முழுக்கறுப்பாக, விளிம்பு கூர்மையாக இருக்கும். மை கூடினால் நெருக்கமான குறுக்குக் கோடுகள் அடைத்துக்கொள்ளும். குறைந்தால் மெல்லிய கோடு அறுந்து தெரியும். லென்ஸில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் அது பிற்காலப் புகைப்பட நகல். ஆண்டு 1866 என்று போட்டிருந்தாலும் நம்ப வேண்டாம்.

---

அடுத்த புத்தகத்திலும் இதே கதை. கண்ணாடி வழியே ஆலிஸ் போகும் ‘த்ரூ தி லுக்கிங் கிளாஸ்’ வந்தது 1871 டிசம்பர், தலைப்புப் பக்கத்தில் 1872. அதில் 21-ஆம் பக்கத்தைத் திறங்கள்: ‘ஜாபர்வாக்கி’ பாட்டில் ‘வேப்’ (wabe) என்று இருக்க வேண்டியது ‘வேட்’ (wade) என்று விழுந்திருந்தால் முதல் அச்சு.

1897 ‘ஆலிஸ்’ பிரதியைச் சில்லறையாக ஒதுக்கிவிடாதீர்கள். அண்டங்காக்கைக்கும் எழுதும் மேசைக்கும் என்ன ஒற்றுமை என்று கதையில் வரும் விடுகதைக்கு அதன் முன்னுரையில்தான் கரோல் விடை தந்தார். அந்த விடையில் வரும் ‘நெவர்’ (never) என்ற சொல்லில் இரண்டாவது e-க்குப் பதில் வேண்டுமென்றே a போட்டு nevar ஆக்கினார். பின்னிருந்து படித்தால் ‘ரேவன்’ (raven), அதாவது அண்டங்காக்கை. பிந்தைய அச்சுகளில் யாரோ அதைப் பிழை என்று திருத்தி, நகைச்சுவையையே கொன்றுவிட்டார்கள். திருத்தாத எழுத்து இருக்கிற பிரதியைத்தான் தேட வேண்டும்.