அம்மாவின் குதிகால் வலிக்குச் செருப்பு: தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் பாம்பன் பக்கம். அம்மா விடியலில் கரைக்குப் போய் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கிறார். போகும்போது மணல், வரும்போது தார் ரோடு, தலையில் கூடை. ஒரு வருடமாக இடது குதிகாலில் வலி. படுக்கையை விட்டு எழுந்து வைக்கும் முதல் அடியில் உயிர் போகிறதாம்; கொஞ்சம் நடந்தால் குறைகிறது. குதிகாலையும் விரல்களையும் இணைக்கும் உள்ளங்கால் பட்டை புண்பட்டிருக்கிறது என்றார் டாக்டர்.

எனக்குப் புரிந்த வரை, நடக்கையில் குதிகால் முதலில் ஊன்றுகிறது, பாதம் லேசாக உள்பக்கம் சாய்ந்து அதிர்வை வாங்குகிறது, கடைசியில் பெருவிரல் மடங்கும்போது அந்தப் பட்டை இழுபட்டு, கால் வளைவு விறைத்து உடம்பை முன்னே தள்ளுகிறது. அப்படியானால் செருப்பு விரல்கள் மடங்கும் இடத்தில்தானே மடங்க வேண்டும்? அம்மாவின் ஹவாய் செருப்பை நடுவிலேயே இரண்டாக மடிக்கலாம்! பின்வாரும் இல்லை, கழன்றுவிடாமல் விரல்களால் கவ்வியபடியே நடக்கிறார்.

எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார் ரப்பர் என்ற மெத்தென்ற அடி வைத்த) செருப்பும் வாங்கிப் பார்த்தோம். ரோட்டில் சுகம்தான், ஆனால் உப்புத் தண்ணீரில் தோல்வார் விறைத்து வெடித்துவிட்டது.

சரி, கேள்விக்கு வருகிறேன். ராமநாதபுரம், பரமக்குடி பக்கம் கால் அளவெடுத்துச் செய்து தருபவர் யாராவது இருக்கிறார்களா? பின்வார், குதிகாலுக்குப் பள்ளம், வளைவுக்குத் தாங்கல் வேண்டும். வார் நைலானில் இருந்தால் நல்லது. குதிப்பக்கம் சற்று உயர்த்தினால் பட்டைக்கு இழுப்பு குறையுமா? விலையும் சொல்லுங்கள்.

வெறுங்காலோடு மணலில் நடக்கச் சொல்பவர்களுக்கு: அம்மா பாதி ஆயுளை அப்படித்தான் நடந்தார்.