சில்லைத் தூக்கினால் சுற்றுகிறது, ஏற்றத்தில் மொஸ்பெட் எரிகிறது: உதவி தேவை

கேள்வி:
வணக்கம். அப்பாவுக்கு முழங்கால் வருத்தம். கொட்டாஞ்சேனையில் வீட்டிலிருந்து கோயிலுக்குப் போய்வர மூன்று சில்லுச் சைக்கிளொன்றுக்கு மோட்டர் பூட்டியிருக்கிறேன். 36 வோல்ட், 350 வாட் பிரஷ் மோட்டர். 12 வோல்ட் பற்றறி மூன்று. மோட்டரை இயக்கும் டிரைவர் சுற்று நானே செய்தது: கரண்டைத் திறந்து மூடும் மொஸ்பெட் ஐஆர்எஃப்3205 இரண்டு சமாந்தரமாக, அவற்றைத் திறக்கும் முனையான கேட்டுக்கு ஆர்டுயினோ (சிறு கட்டுப்பாட்டுப் பலகை) நேரடியாக, மோட்டருக்குக் குறுக்கே 1என்4007 டயோட். சில்லைத் தூக்கி வைத்தால் அருமையாகச் சுற்றுகிறது. ஆள் ஏறி ஏற்றத்தில் புறப்பட்டால் மொஸ்பெட் போகிறது. நேற்றுப் போனது மூன்றாவது சோடி. போனதும் வண்டி தானாக முழு வேகத்தில் பாய்ந்தது. நல்லவேளை, ஓட்டியது நான்.

பதில்:
தம்பி, முதலில் அந்தப் பாய்ச்சலைப் பார்ப்போம். மொஸ்பெட் பெரும்பாலும் ஷோர்ட் ஆகித்தான் (மூட முடியாமல் திறந்தபடியே) போகும்; திரொட்டிலை (வேகப்பிடியை) விட்டாலும் மோட்டர் நிற்காது. பற்றறி வயரில் 30 ஆம்பியர் பியூஸும் கையெட்டும் இடத்தில் பெரிய சுவிட்சும் போடாமல் அப்பாவை ஏற்ற வேண்டாம்.

அப்புறம், போகும் முன் ஹீட்சிங்க் (மொஸ்பெட்டின் சூட்டைத் தணிக்கும் உலோகத் தகடு) கொதித்ததா? டயோடைப் பார்த்தீர்களா?

கேட்டவர்:
கை வைக்க முடியாத சூடு அண்ணா. டயோட் வெடித்திருக்கிறது, இப்போதுதான் கவனித்தேன்.

பதில்:
அப்படியென்றால் இரண்டு பிழை. முதலாவது, 3205 திறந்திருக்கும்போது அதன் தடையான 8 மில்லி ஓம் என்பது கேட்டில் 10 வோல்ட் இருந்தால்தான். ஆர்டுயினோ தரும் 5 வோல்ட்டில் அது அரைகுறையாகவே திறக்கும். சும்மா சுற்றும்போது கரண்ட் குறைவு, அதனால் தெரியவில்லை. ஏற்றத்தில் புறப்படும் நேரம் மோட்டர் சுற்றாததால் பின் மின்னியக்க விசை (சுற்றும் மோட்டர் தானே உண்டாக்கும் எதிர் வோல்ட்) இல்லை; சுருளின் தடை மட்டுமே கரண்டைக் கட்டுப்படுத்துகிறது, அதனால் கரண்ட் எகிறி மொஸ்பெட் கொதிக்கிறது.

இரண்டாவது, திரொட்டில் குறைவாக இருக்கையில் மொஸ்பெட் மூடியிருக்கும் நேரம்தான் அதிகம். அவ்வளவு நேரமும் மோட்டர் கரண்ட் டயோட் வழியாகச் சுற்றும். 4007 தாங்குவது 1 ஆம்பியர். அது வெடித்ததும் சுருள் எழுப்பும் வோல்ட் 3205 தாங்கும் 55 வோல்ட்டைத் தாண்டிவிடும்.

கேட்டுக்குப் போதிய வோல்ட் கொடுக்க, டிசி4427 கேட் டிரைவரை மைனஸ் பக்கத்துப் பற்றறியின் 12 வோல்ட்டில் ஓட்டுங்கள். தவறியும் 4426 வாங்காதீர்கள். அது சமிக்ஞையைத் தலைகீழாக்கும், திரொட்டில் பூச்சியத்தில் முழு வேகம்! 4427 இன் உள்ளீட்டிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் தடை போட்டால் ஆர்டுயினோ எழும்பும்வரை வண்டி அசையாது. மொஸ்பெட்டுக்கு 100 வோல்ட் தாங்கும் ஐஆர்எஃப்பி4110. டயோடுக்கு எம்பிஆர்20100 இரண்டு, அவற்றுக்கும் ஹீட்சிங்க். 63 வோல்ட், 1000 மைக்ரோபரட் கொள்ளளவி மொஸ்பெட்டை ஒட்டியே இருக்கட்டும்.

கேட்டவர்:
எல்லாம் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைத்தது. என் தம்பியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அதே ஏற்றத்தில் ஆறு தரம் போனேன், ஹீட்சிங்க் இளஞ்சூடுதான். ஓடும்போதே சுவிட்சை அணைத்தும் பார்த்தேன், நின்றது. மிக்க நன்றி அண்ணா. ஞாயிறு அப்பாவை ஏற்றுகிறேன், பக்கத்தில் நடந்துகொண்டே.